ஆடுகளக் கேள்வி-பதில்: எதிரணி வரிசைகளுக்கு ஊடே பந்தை அனுப்புவது எப்படி?

சென்ற இதழில் கால்பந்தின் தற்காப்பு ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தத் தற்காப்பை உடைப்பது எப்படி என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒரே பொருளைத் தொட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் 17 வயதுக்குட்பட்டோர் அணி பந்தைத் தன்வசம் வைத்துக்கொள்வதில் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் எதிரணி தன் பாதிக்குள் பின்வாங்கி, நால்வர் நால்வராக இரண்டு வரிசை கட்டி நின்றுவிட்டால், எங்கள் மாணவர்கள் வலமும் இடமுமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பொறுமை இழந்ததும் ஒருவன் தூக்கி அடிக்கிறான். பந்து எதிரணியின் நடுத் தற்காப்பாளரான ஸ்டாப்பரின் தலைக்குப் போய்விடுகிறது. மாவட்டப் போட்டிக்கு முன் இதைச் சரிசெய்ய என்ன பயிற்சி தரலாம்? — உடற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்.

பதில்: இப்படி நடக்கும்போது பாஸ் கொடுக்கும் மாணவனிடம்தான் குறை என்று முடிவுகட்டி, அவனைத் தனியாக நிறுத்திக் கோன்களுக்கு நடுவே அடிக்கச் சொல்வது வழக்கமாக இருக்கிறது. நான் பார்த்த வரையில், குறை பெரும்பாலும் பந்தை வாங்க வேண்டியவனிடம் இருக்கிறது. எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடைப்பட்ட பகுதியில் உங்கள் ஆள் ஒருவரும் நிற்காவிட்டால், அல்லது நின்றும் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றால், பந்தைக் காலில் வைத்திருப்பவனுக்குப் பக்கத்தில் தள்ளுவதைத் தவிர வேறு வழி தெரியாது. ஆகவே அடுத்த பயிற்சி ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் இதை மட்டும் பாருங்கள்: பந்து உங்கள் சென்டர் பேக்கிடம் (கடைசி வரிசையின் நடுவில் நிற்கும் தற்காப்பாளரிடம்) இருக்கும் நொடியில், எதிராளிகள் இருவருக்கு நடுவிலுள்ள சந்தின் வழியே அவன் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஒருவர்கூட இல்லையென்றால் உங்கள் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வரிசைகளுக்கு இடையே ஆள் நிறுத்துவது புதிய உத்தி அன்று. 1953 நவம்பர் 25-ஆம் நாள் வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றபோது, ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டான நாண்டோர் ஹிதெகுட்டி, தாம் நிற்க வேண்டிய இடத்தை விட்டுப் பின்னால் இறங்கி நின்று ஆடினார். அவரைத் தொடர்ந்து போனால் பின்னால் பள்ளம் விழும். போகாவிட்டால் அவர் தடையின்றித் திரும்புவார். இந்த இரண்டில் எதைச் செய்வது என்று இங்கிலாந்தின் நடுத் தற்காப்பாளருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஹிதெகுட்டி மூன்று கோல் அடித்தார். 2009 மே 2-ஆம் நாள் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் பார்சிலோனா 6-2 என்று வென்ற ஆட்டத்தில், பயிற்சியாளர் பெப் கார்டியோலா மெஸ்ஸியை நிறுத்திய இடமும் இதுதான். இடைப்பட்ட காலத்தில் இந்த வழியை அடைக்க வந்தவர் பயிற்சியாளர் அரிகோ சாக்கி. 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற அவருடைய மிலான் அணி, முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே சுமார் 25 மீட்டருக்கு மேல் விடாமல் நெருக்கி ஆடியது. உங்கள் எதிரணி பள்ளி மாணவர்களைக் கொண்டது. அவர்கள் 70 நிமிடமும் அவ்வளவு நெருக்கத்தைக் காக்க மாட்டார்கள். இடைவெளி வரும். அது எப்போது வருகிறது என்பதை உங்கள் மாணவர்களுக்குக் காட்டிக் கொடுப்பதுதான் பயிற்சி.

அது வரும் நேரங்கள் இரண்டு. முதலாவது, வரிசை பக்கவாட்டில் நகரும் நேரம். பந்து வலப்பக்கம் போகும்போது எதிரணியின் நால்வரும் வலப்பக்கம் சரிகிறார்கள். ஆனால் நால்வரும் ஒரே வேகத்தில் சரிவதில்லை. கடைசியில் இருப்பவன் சோம்பலாக வருவான்; அவனுக்கும் அவனை அடுத்தவனுக்கும் நடுவே சந்து விழும். நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அந்தப் பக்கவாட்டுப் பாஸ், உண்மையில் இந்தச் சந்தை உண்டாக்கும் கருவி. அதை மெதுவாக உருட்டினால் வரிசை நகர்ந்து ஒழுங்காகிவிடும். விசையோடு அடித்து, வாங்கியவன் இரண்டாவது தொடுகையிலேயே வந்த வழியே திருப்பி அனுப்பினால், நால்வரும் தப்பான கால் ஊன்றி நிற்கும்போது பந்து நடுவில் இருக்கும். இரண்டாவது, வரிசையிலிருந்து ஒருவன் வெளியே இழுக்கப்படும் நேரம். உங்கள் சென்டர் பேக்கை யாரும் நெருக்கவில்லை என்றால் அவன் நின்ற இடத்திலிருந்து பாஸ் தேடக் கூடாது. பந்தோடு முன்னேறி நடக்க வேண்டும், யாராவது ஒருவன் எதிர்கொள்ள வரும் வரை. வந்தவன் விட்டுவிட்டு வந்த இடம்தான் பந்து போக வேண்டிய இடம். நம் பள்ளி அணிகளில் பின்வரிசை மாணவர்களை முன்னேற விடாமல் விசிலடித்து நிறுத்திவிடுகிறோம். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

பயிற்சிக்கு 36 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகம் குறித்து, அதை நீளவாக்கில் 12 மீட்டர் வீதம் மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு பேர். நடுப்பகுதியில் தடுப்பவர்கள் மூவர். ஒரு முனையில் உள்ளவர்கள் தங்களுக்குள் பந்தைக் கைமாற்றி, சந்து விழுந்ததும் தரையோடு மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். தடுப்பவர்களில் ஒருவன் மட்டும் பந்துள்ள பகுதிக்குள் நுழைந்து நெருக்கலாம். இது பழகியதும் நடுப்பகுதியில், தடுப்பவர்களின் முதுகுப்புறத்தில், தாக்கும் அணி ஆள் ஒருவனைச் சேருங்கள். அவன் பந்தை வாங்கித் திரும்பி மறுமுனைக்குக் கொடுத்தால் இரண்டு புள்ளி, அவனைத் தொடாமல் நேரே போனால் ஒரு புள்ளி. குறைந்தது இத்தனை பாஸ் போட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்ற விதியை வைக்காதீர்கள். வைத்தால் மாணவர்கள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், சந்தைப் பார்க்க மாட்டார்கள்.

நடுவில் நிற்பவனைத் திருத்துவதில்தான் ஆசிரியரின் கண் வேலை செய்ய வேண்டும். அவன் பந்து வரும் திசைக்கு நேராக மார்பைக் காட்டி நிற்பான்; பந்து வந்ததும் அருகிலுள்ள காலால் நிறுத்துவான்; பின்னால் ஆள் இருக்கிறானா என்று தெரியாததால் வந்த வழியே திருப்பிக் கொடுப்பான். அவனைத் தோளைப் பிடித்துப் பக்கவாட்டாக நிறுத்துங்கள்: ஒரு தோள் பந்து வரும் பக்கம், மறு தோள் எதிரணி கோல் பக்கம். பந்தை முன்காலைத் தாண்ட விட்டு, கோலுக்கு அருகிலுள்ள பின்காலின் உட்பக்கத்தால் வாங்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தொடுகையிலேயே அவன் பாதி திரும்பியிருப்பான். கொடுப்பவனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பின்காலுக்கு அனுப்பினால் ‘உனக்கு நேரம் இருக்கிறது, திரும்பு’ என்று பொருள். முன்காலுக்கு அனுப்பினால் ‘ஆள் ஒட்டி நிற்கிறான், திருப்பிக் கொடு’ என்று பொருள். இந்த உடன்பாடு அணிக்குள் ஏற்பட்டுவிட்டால், மைதானத்தில் ‘டர்ன்’, ‘மேன் ஆன்’ என்று கூவும் கூச்சல் பாதியாகக் குறையும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 13. நடுக்களத்தில் ஆடுகிறான். பந்து கிடைத்ததும் குனிந்த தலையை நிமிர்த்துவதில்லை என்று பயிற்சியாளர் தினமும் சத்தம் போடுகிறார். வீட்டில் நான் ஏதாவது சொல்லித்தர முடியுமா? — ஒரு தகப்பனார், மேலூர்.

பதில்: பந்து காலுக்கு வந்த பிறகு தலையை நிமிர்த்தச் சொல்வது தாமதமான அறிவுரை. அந்த வயதில் பந்தைப் பார்க்காமல் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆகவே அவன் குனிவதில் தவறில்லை. அவன் பார்க்க வேண்டியது பந்து வருவதற்கு முன்னால். நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடுக்கள ஆட்டக்காரர்கள் பந்தை வாங்குமுன் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கிறார்கள் என்று ஒளிப்பதிவுகளைக் கொண்டு கணக்கெடுத்தார். அதிகமாகச் சுற்றிப் பார்த்தவர்களின் முன்னோக்கிய பாஸ்களே அதிகமாக உரிய ஆளிடம் சேர்ந்தன.

வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ நீங்களே இதைப் பழக்கலாம். நீங்கள் பந்தை அவனுக்குத் தள்ளுங்கள்; பந்து உங்கள் காலை விட்டுப் புறப்பட்டதும், அவனுக்குப் பின்னால் நிற்கும் அவன் அம்மாவோ தங்கையோ விரல்களைக் காட்டட்டும். பந்து அவன் காலைத் தொடுமுன் திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். எண் சரியாக வரத் தொடங்கியதும், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம் என்று மாற்றுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். பயிற்சியாளரிடம் இதைப் பற்றி வாதம் செய்யப் போக வேண்டாம். ஆட்டத்தில் தெரிந்தால் அவரே கேட்பார்.

கேள்வி: கல்லூரி அணியில் ஸ்ட்ரைக்கராக ஆடுகிறேன். சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்ற செய்தியைப் படித்த பிறகு, நம் பக்கத்துப் பெண்களாலும் முடியும் என்று பந்தைத் தொட்டவள் நான். த்ரூ பாஸ் (தற்காப்பு வரிசையை ஊடுருவி அதன் பின்னால் விழும் பாஸ்) வரும்போதெல்லாம் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்கிறேன். தோழிகள் கோபப்படுகிறார்கள். நான் மெதுவாக ஓட வேண்டுமா? — ஒரு மாணவி, காரியாபட்டி.

பதில்: வேகத்தைக் குறைக்க வேண்டாம், தங்கையே, புறப்படும் இடத்தை மாற்றுங்கள். பந்தை உங்கள் தோழி உதைக்கும் கணத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை மட்டுமே விதி பார்க்கிறது, பந்தை வாங்கும் இடத்தை அன்று. அந்தக் கணத்தில் நீங்கள் உங்கள் சொந்தப் பாதியில் இருந்தாலோ, பந்துக்குப் பின்னால் இருந்தாலோ, கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணும்போது எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளுக்குச் சமமாகவோ பின்னாலோ இருந்தாலோ குற்றமில்லை. 1925-ஆம் ஆண்டுக்கு முன் இருவருக்குப் பதில் மூவர் தேவைப்பட்டார்கள். அன்று நீங்கள் ஆடியிருந்தால் துணை நடுவரின் ஆஃப்சைடு கொடி இன்னும் அதிகமாக உயர்ந்திருக்கும். சமமாக நிற்பவரும் தப்பலாம் என்ற சலுகை 1990-இல் வந்தது. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதைப் பல கல்லூரி அணிகள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

இனி ஓட்டம். உங்களைப் போன்ற வேகக்காரர்கள் கடைசித் தற்காப்பாளரோடு தோள் ஒட்டி நின்று, கோலை நோக்கி நேர்கோட்டில் பாய்கிறார்கள். அப்படிப் பாய்ந்தால் ஒரு நொடி முந்தினாலும் கொடி உயரும். அதற்கு மாறாக, இரண்டு மூன்று அடி உங்கள் பாதிப் பக்கமாகத் தள்ளி, தற்காப்பாளரின் முதுகுப்புறமாக நில்லுங்கள். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதி முனையில் திரும்பும்போது கூட்டம் முழுவதும் தேரையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நகர்பவரை எவரும் கவனிப்பதில்லை அல்லவா? பந்து ஒரு பக்கம் இருக்கும்போது தற்காப்பாளரும் அப்படித்தான் பந்தையே பார்த்திருப்பார். அங்கிருந்து முதலில் வரிசைக்கு இணையாகக் குறுக்கே ஓடி, பிறகு வளைந்து கோல் பக்கம் திரும்புங்கள். குறுக்கே ஓடும்போது வேகமும் சேர்கிறது, வரிசையைத் தாண்டாமலும் இருக்கிறீர்கள்.

எப்போது வளைய வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பாஸ் கொடுப்பவர் பந்தைத் தமக்கு முன்னால் சிறிது தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்தால், அடுத்து உதைக்கப்போகிறார் என்று பொருள். அந்தக் குனிவே உங்கள் சமிக்ஞை. பந்து அவர் காலுக்குள் சிக்கியிருக்கும்போது ஓடத் தொடங்குவதால்தான் பெரும்பாலான ஆஃப்சைடுகள் நேர்கின்றன. கோபித்துக்கொள்ளும் தோழிகளில் பாஸ் கொடுப்பவர் யாரோ, அவரோடு வாரத்தில் இரண்டு மாலை தனியாக நின்று இந்த ஒன்றை மட்டும் பழகுங்கள். இரண்டு தொடுகைக்கு மேல் பந்தை வைத்திருந்துவிட்டுத் தாமதமாகக் கொடுத்தால், குற்றம் அவருடையதே.

கேள்வி: தரையோடு பாஸ் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எங்கள் ஊர் மைதானம் செம்மண் பொட்டல். கோடையில் பாறையைப் போல் இறுகிக் கிடக்கும்; ஐப்பசி மழையில் சேறு. இதில் எப்படி ஐயா? — மன்றச் செயலாளர் ஒருவர், அலங்காநல்லூர்.

பதில்: நியாயமான கேள்வி. இறுகிய தரையில் பந்து எழும்பும். எழும்பும் பந்தை ஒரு தொடுகையில் கட்டுப்படுத்த முடியாத மாணவன் திரும்பவும் முடியாது. முதலில் பந்தைக் கவனியுங்கள். 5-ஆம் எண் பந்தின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை இருக்கலாம் என்று விதி இடம் தருகிறது. சைக்கிள் கடையில் கொடுத்து, கல்லைப் போல ஆகும் வரை காற்றடித்து வாங்கிவருவது நம் வழக்கம். உங்கள் தரைக்குக் கீழ் எல்லையை ஒட்டி வைத்தாலே பாதித் துள்ளல் அடங்கும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் மைதானத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் தண்ணீர் தெளிக்க முடிந்தால் தூசியும் அடங்கும். சரளைக் கற்களைப் பொறுக்குவதை வாரத்தில் ஒருநாள் எல்லா வயதினரும் சேர்ந்து செய்ய வேண்டும். விழுந்து முழங்கால் கிழிபடும் பயம் உள்ள மாணவன் பந்தை நோக்கிப் போக மாட்டான்.

பாஸின் தூரத்தைக் குறையுங்கள். புல்தரையில் 20 மீட்டருக்கு அனுப்பும் பந்தை உங்கள் மைதானத்தில் 10, 12 மீட்டராகப் பிரித்துக்கொண்டால் துள்ளல் சேர்வதற்குள் அடுத்த காலுக்குப் போய்விடும். வாங்குபவன் நின்ற இடத்தில் காத்திராமல் பந்தை எதிர்கொண்டு இரண்டு எட்டு வர வேண்டும். சேற்றில் கதை வேறு: பந்து வழியிலேயே நின்றுவிடும் என்பதால், எதிராளியின் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலாகச் சிறிய வளைவில் தூக்கிப் போடுவதைத் தனியாகப் பழக்குங்கள். அதுவும் வரிசையைத் தாண்டும் பாஸ்தான்.

கேள்வி: நீண்ட பாஸ் என்றாலே பயிற்சி தெரியாதவர்கள் ஆட்டம் என்று இப்போது சொல்கிறார்களே? — வாசகர், உசிலம்பட்டி.

பதில்: எதிரணியின் கடைசி வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்கும்போது, அதற்குப் பின்னால் 40 மீட்டர் காலி இடம் கிடக்கும். அங்கே போடாமல் காலடியில் சின்னச் சின்னப் பாஸ் போட்டுக்கொண்டிருப்பவர்தான் பயிற்சி தெரியாதவர்.

கேள்வி: எங்கள் அணி நடுக்களத்தைத் தாண்டிவிடுகிறது. பெனால்ட்டிப் பகுதிக்கு அருகே போனதும் எல்லாம் குழம்பிவிடுகிறது. பந்தை வாங்கித் திரும்பியவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி சொல்லுங்கள். — பயிற்சியாளர், அரசரடி, மதுரை.

பதில்: நடுக்கள வரிசையைக் கடந்ததும் பந்துள்ளவனுக்கு எதிரே நிற்பது கடைசி வரிசை மட்டுமே, ஆனால் கடக்கப்பட்ட நால்வரும் மூன்று நான்கு நொடிகளில் பின்னால் ஓடிவந்து சூழ்ந்துவிடுவார்கள். ஆகவே அவனுடைய முதல் தொடுகை முன்னோக்கியதாக இருக்க வேண்டும். நின்று, பந்தை மிதித்து, சுற்றிலும் பார்க்கும் பழக்கம் நம் ஊர் நடுக்கள ஆட்டக்காரர்களுக்கு உண்டு. பார்க்க அழகாக இருக்கும், தாக்குதல் அங்கேயே செத்துவிடும். அவன் சென்டர் பேக்குகள் இருவரில் ஒருவனை நேராக நோக்கிப் பந்தோடு ஓடட்டும். அந்தச் சென்டர் பேக் எதிர்கொள்ள வந்தால் அவன் விட்ட இடத்துக்கு ஸ்ட்ரைக்கர் வளைந்து ஓடுகிறார், பந்து அங்கே போகிறது. அவன் வராமல் பின்வாங்கினால் 20 மீட்டரிலிருந்து கோலுக்கு உதைக்க இடம் கிடைத்துவிட்டது. முடிவெடுக்க வேண்டியவன் சென்டர் பேக். உங்கள் மாணவன் அவன் முடிவுக்கு விடை சொல்கிறான், அவ்வளவுதான்.

விங்கில், அதாவது மைதானத்தின் பக்க ஓரத்தில், ஓடுபவனிடம் பந்து போனால், கோல் கோட்டருகே வரை போய்ப் பின்னோக்கித் தரையோடு கொடுப்பதற்குத் தூக்கிப் போடுவதைவிடப் பயன் அதிகம். ஏனெனில் அப்போது தற்காப்பாளர்கள் அனைவரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள், தங்கள் முதுகுக்குப் பின்னால் வருபவனைப் பார்க்க இயலாது. அதற்கு ஏற்ப ஓட்டங்களைப் பகிர்ந்துவையுங்கள்: ஒருவர் அருகிலுள்ள கம்பத்துக்கு, ஒருவர் தூரத்துக் கம்பத்துக்கு, மூன்றாமவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பெனால்ட்டிப் புள்ளிக்கு. அந்த மூன்றாமவரை யாரும் பயிற்றுவிப்பதில்லை. மற்ற இருவரும் தற்காப்பாளர்களை இழுத்துக்கொண்டு போய்விடுவதால் பந்து பெரும்பாலும் வந்து சேர்வது அவரிடம்தான்.

இதைப் பழக்க, அரை மைதானத்தில் தாக்குபவர் ஆறு பேர், தடுப்பவர் ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர் என்று நிறுத்துங்கள். தடுப்பவர்களில் இருவர் நடுக்கள வரிசை. மூவர் கடைசி வரிசை. அந்த இருவருக்கு நடுவே பந்து கடந்ததும் நீங்கள் சத்தமாக எண்ணத் தொடங்க வேண்டும்; எட்டு எண்ணுவதற்குள் கோலை நோக்கி உதை விழவில்லை என்றால் பந்து தடுப்பவர்களுக்கு. அவர்கள் அதை நடுக்கோட்டில் வைத்துள்ள இரண்டு சிறிய கோன் கோல்களில் ஒன்றில் தள்ளினால் அவர்களுக்கு ஒரு புள்ளி. இந்தப் புள்ளி இல்லாவிட்டால் தாக்குபவர் ஆறு பேரும் பெனால்ட்டிப் பகுதிக்குள் கூடிவிடுவார்கள். இருந்தால், பந்து பறிபோகும் சமயத்துக்காக இருவர் பின்னால் தங்க வேண்டும் என்பது நீங்கள் சொல்லாமலே நடக்கும். முதல் நாள் எட்டு எண்ணிக்கையில் மூச்சுத் திணறுவார்கள். பத்தாக வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாகக் குறைத்து வாருங்கள்.